‘அவர் என்னைப் பேசினவர்’

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் ஒருவர் தன் சின்ன வயதில் பார்த்த இந்தியச் சிப்பாயைப் பற்றி, "அவர் என்னைப் பேசினவர்" என்று சொன்னால் ராமநாதபுரத்துக் காதுக்கு அது பாதியில் நின்ற வாக்கியமாகத்தான் கேட்கும். மீதி வரும் என்று காத்திருப்போம். யாழ்ப்பாணப் பேச்சில் அது முடிந்துவிட்ட வாக்கியம். "அவர் என்னைத் திட்டினார்" என்பது பொருள். அன்பாகப் பேசியிருந்தால் "என்னோட கதைச்சவர்" என்று வந்திருக்கும். நமக்கோ கதை என்றாலே அளப்பு. ஆக, திட்டியவரை நண்பராகவும் நண்பரை அளப்புக்காரராகவும் எழுதிவைக்க, ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்கிறவருக்கு ஐந்து நிமிஷம் போதும்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் வடக்கு கிழக்கில் இறங்கிய இந்திய அமைதி காக்கும் படை, 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கப்பலேறியது. அதே வருஷம் ஜூனில் இலங்கை ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டதும், தலைமன்னார் பக்கமிருந்தும் மற்றக் கரைகளிலிருந்தும் படகுகள் தனுஷ்கோடி, ராமேஸ்வரம் கரைகளுக்கு வந்தன. அந்த அலையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அமைதிப்படை இறங்கியபோது ஏழு வயதாக இருந்த பிள்ளை 1980இல் பிறந்தது. இன்று நாற்பதுகளின் நடுவில், பேரனோ பேத்தியோ பார்க்கும் தறுவாயில் இருக்கும். காவலுக்கு நின்ற சிப்பாய்க்கும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பிள்ளைக்கும் ஏற்பட்ட ஒட்டுதலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் கிளம்புகிறார்கள். நல்ல காரியம். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

முதலில் பெயர். நாம் ‘அமைதிப்படை’ என்போம். அவர்கள் ‘இந்தியன் ஆமி’ என்பார்கள். சிலர் ‘ஐ.பி.கே.எப்.’ என்பார்கள். ஆக்கிரமிப்புப் படை என்று சொல்பவரும் உண்டு, "நம்ம ஆமி" என்று சொல்பவரும் உண்டு. எதிரே இருப்பவர் எந்தச் சொல்லை எடுக்கிறாரோ அதையே கேள்வியிலும் வையுங்கள். நீங்களாக ஒரு சொல்லைப் போட்டால் அதற்குத் தோதான பதில்தான் வரும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நீங்கள் இந்தியர். அவர் இருப்பது இந்திய மண்ணில், அரசு கொடுத்த வீட்டில். மாதாமாதம் வாங்குவது அரசின் பணக்கொடை. வெளியூர் போய் வருவதானாலும் அரசு அலுவலகத்தில் சொல்ல வேண்டும், க்யூ பிரிவு உளவுப் போலீசின் கண் எப்போதும் அந்தப் பக்கம் இருக்கும். இந்த நிலையில் ஒருவர் இந்தியச் சிப்பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அதில் எத்தனை பங்கு நினைவு, எத்தனை பங்கு வந்தவருக்குச் செய்யும் மரியாதை? மறுபக்கத்திலும் ஒரு பயம் உண்டு. அந்தக் காலத்தில் ஆமிக்காரனோடு சிரித்துக் கதைத்த வீடு என்று பெயர் விழுந்தால் காட்டிக்கொடுத்த வீடு என்று ஆகிவிடும். அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதனால் அக்கம்பக்கத்தார் கேட்க இந்த நட்பை ஒருவர் மறுப்பதும் இயல்பு. ஒரே ஆள் தனியாக இருக்கும்போது ஒன்றும் கூட்டத்தில் வேறொன்றும் சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் எழுதி, யார் யார் அப்போது கூட இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

முகாமுக்குள் வெளியாள் போக அனுமதி வேண்டும். எழுத்தில் மனுக் கொடுத்து, கையில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் தெரிந்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி நுழைந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. விசாரணை அந்த வீட்டுக்குத்தான் வரும். பணக்கொடை நாளிலும் கணக்கெடுப்பு நாளிலும் போகாதீர்கள், யாருக்கும் மனசு பேச்சில் இருக்காது. முகாமில் இல்லாமல் வெளிப்பதிவில் ஊருக்குள் வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசுவது எளிது. (மண்டபம் முகாமே தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம்தான். அங்கே காத்திருந்து அக்கரை போனார்கள். அக்கரையிலிருந்து வந்தவர்கள் இன்று அங்கேயே காத்திருக்கிறார்கள்.)

முதல் தடவை ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவே வேண்டாம். தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் கேட்பார்கள், எங்கே வைத்திருப்போம் என்பதைச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் தடவைகளில் நாற்பது நாற்பது நிமிஷம் பதிவு செய்தால் தாராளம். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், கடைசி ஒரு மணி நேரம் அவர் உங்களை அனுப்பி வைப்பதற்காகப் பேசியதாக இருக்கும்.

கருவி பெரிதாக வேண்டாம். கைபேசியும் சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் போதும். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 மெகாபைட் ஆகும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல செயலிகள் பதிவைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும், வீட்டுக்குப் போய்தான் தெரியும். மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். சேலை முந்தானை உரசாத பக்கமாக இருக்கட்டும். தாலிச் சங்கிலி மைக்கில் இடித்தால் ஒவ்வொரு அசைவுக்கும் ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும். அளவுமானி அதிகபட்சம் −12 டெசிபலைத் தொட்டால் போதும். யாராவது குரல் உயர்த்தி அழுதாலோ சிரித்தாலோ உடையாது.

இந்தக் கரையில் பதிவைக் கெடுப்பது காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். மைக்கோடு வருகிற கருப்புப் பஞ்சு உறை அதற்குக் காணவே காணாது, ரோமத் துணி உறை வேண்டும். தென்கடல் பக்கம் சுவரை முதுகுக்கு வைத்து, வடகடலைப் பார்த்த திண்ணையில் உட்காருங்கள். வாடைக் காலத்தில் இதைத் திருப்பிப் போட வேண்டும். உள்ளே போனால் 10க்கு 10 அறை, மேலே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ, அதன் கீழே காற்றாடி. காற்றாடியை அணைத்தால் பேசுகிறவருக்கு வேர்க்கும், போட்டால் குரலுக்கு அடியில் ஒரு இரைச்சல் ஓடும். காலை ஏழுக்கு முன் போனால் இரண்டு தொல்லையும் இல்லை. பேச்சு தொடங்கும் முன் யாரும் பேசாமல் முப்பது வினாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள், பிறகு இரைச்சலைக் குறைக்க அது தேவைப்படும்.

இனி கேள்விகள். "அவர் நல்லவரா? உங்களுக்கு அவரைப் பிடிக்குமா? அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று ஆரம்பித்தால் பதிவு அங்கேயே படுத்துவிடும். "ஓம், நல்லவர்தான்" என்று இரண்டு வார்த்தை வரும், அவ்வளவுதான். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். சென்றி (காவல் நிற்கும் இடம்) எங்கே இருந்தது? உங்கள் வீட்டுப் படலையில் நின்றால் தெரியுமா? அவர் முதலில் தந்தது என்ன? கையில் தந்தாரா, வேலிக்கு மேலால் போட்டாரா? அங்கேயே தின்றீர்களா, வீட்டுக்குக் கொண்டுபோனீர்களா? அம்மா பார்த்தாரா? பார்த்து என்ன செய்தார்? நீங்கள் அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிப்பாய் கொடுத்தார், பிள்ளை வாங்கியது என்கிற ஒருவழிப் படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது. பிள்ளைகளும் கொடுத்திருப்பார்கள். கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர், தேசிக்காய் (எலுமிச்சை), மாங்காய், பனங்கிழங்கு. இதில் இன்னொரு லாபம், பொருள் தெரிந்தால் காலம் தெரியும். பனங்கிழங்கு என்றால் தையை ஒட்டி, நுங்கு என்றால் சித்திரை வைகாசி, பனம்பழம் என்றால் ஆடி ஆவணி. நமக்கும் அதே பனைதான் என்பதால் இந்தக் கணக்கில் ராமநாதபுரத்துக்காரர் தடுமாற மாட்டார்.

சிப்பாய் தந்த தீனியும் சாட்சிதான். யாழ்ப்பாணத்து ரொட்டியில் தேங்காய்ப்பூ இருக்கும். "தேங்காய் போடாத ரொட்டி" என்று ஒருவர் நினைவு வைத்திருந்தால் அது லங்கர் (ராணுவச் சமையலறை) சப்பாத்தி. கோதுமை மாவும் சர்க்கரையும் பிசைந்து பொரித்த, கடித்தால் பல்லுக்குச் சவால் விடும் இனிப்புத் துண்டு என்றால் அது சக்கர்பாரா, இந்திய ராணுவ ரேஷனில் வருவது. பாலும் சர்க்கரையும் தூக்கலான தேநீர் பற்றியும் கேளுங்கள். பிளேன்டீயைச் சீனி கடித்துக் குடித்துப் பழகிய பிள்ளைக்கு அது மறக்காது.

பிள்ளையை அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று கட்டாயம் கேளுங்கள். பெயர் உதவாது. "சிங்" என்று மட்டும் நினைவிருக்கும். சீக்கியரிலும் சிங் உண்டு, ராஜபுத்திரரிலும் உண்டு, அதை வைத்துக்கொண்டு ஆளைத் தேட முடியாது. ஆனால் "பேட்டா" என்றால் இந்தி, "புத்தர்" என்றால் பஞ்சாபி, "மோனே", "மோளே" என்றால் மலையாளம், "பாப்பா" என்றால் பெரும்பாலும் நம்மூர்க்காரர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் இருந்தார்கள். அவர்களின் சின்னத்தில் குறுக்கு வாளும் யானையும் உண்டு. "தொப்பியில ஆனை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். தலைப்பாகை, கூர்க்காவின் வளைந்த கத்தி, ஏறத்தாழ அந்தப் பிள்ளையின் உயரத்துக்கே நிற்கும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, முன்மூக்கு நீண்ட சக்திமான் லாரி, இவற்றையெல்லாம் பிள்ளைகள் பெரியவர்களைவிடத் துல்லியமாகப் பார்த்திருப்பார்கள். இடுப்புயரக் கண்ணில் படுவது வேறு.

இன்னொரு கேள்வி, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்: "அவர் உங்களிடம் என்ன கேட்டவர்?" மிட்டாய் கொடுத்த கை, "அண்ணா எங்கே? ராத்திரி யார் வந்தது?" என்றும் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். ஒட்டுதல் நிஜமாக இருந்து, அதற்குள்ளேயே உளவும் இருந்திருக்கலாம். பிள்ளைக்கு அது அப்போதே புரிந்ததா, பெரியவரான பிறகு புரிந்ததா என்பதைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். இந்த இடத்தைத் தவிர்த்த பதிவுகள் எனக்கு ருசிப்பதில்லை.

தேதிக்கு வருவோம். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், தப்பாகச் சொல்வார்கள், பிறகு அந்தத் தப்பையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வார்கள். நாலைந்து முளைகளை அடித்து, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1987 ஜூன் 4, இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதி போட்ட நாள். ஆகஸ்ட், மாலை போட்டு வரவேற்ற மாதம். செப்டம்பர் 15 முதல் 26 வரை நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்த நாட்கள். அக்டோபர் 10, அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் சுடப்பட்ட நாள். பொதி போட்ட நாட்டின் சிப்பாய் நான்கரை மாதத்தில் ஆஸ்பத்திரிக்குள் சுட்ட சிப்பாயாக ஆகிறார். நட்பு அக்டோபருக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து அந்தக் கதையின் எடையே மாறிவிடும். முன் என்றால் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது, பிள்ளையும் சிரித்தது. பின் என்றால் அந்தப் பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் வேலிப் பொட்டுக்குள்ளால் (ஓட்டை வழியாக) போய் வந்திருக்கும்.

வகுப்பை வைத்துக் கணக்குப் போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நமக்குப் பள்ளி ஜூனில் திறக்கும், அவர்களுக்கு ஜனவரியில். "மூண்டாம் வகுப்பு தொடங்கின புதுசு" என்றால் அது தை மாதம். நம்மூர்க் கணக்கில் ஜூன் என்று எழுதினால் ஐந்து மாதம் தள்ளிப்போகும், மேலே சொன்ன முளைகள் எல்லாம் பிடுங்கிக்கொள்ளும். மன்னார்க்காரர்களுக்கு நல்லூரைவிட மடுத் திருவிழாதான் அடையாளம், ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் கேளுங்கள்.

அடுத்தது, ஒரே ஆளா என்கிற சோதனை. காவல் பணி வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பட்டாலியன்களும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. "விடியத் தொடங்கி இரவு வரைக்கும் அவர்தான் நிண்டவர்", "ரெண்டு வருசமும் அவர்தான்" என்று வந்தால், நாலைந்து பேர் சேர்ந்து நினைவில் ஒரே முகமாகியிருக்கலாம். இதைச் சொல்லி அவரை மடக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து வீடு, கிணறு, ஒழுங்கை (சந்து), சென்றி நான்கையும் போடச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டே வரும்போது "இதில நிண்டவர் வேற ஆள், மீசை இல்லாதவர்" என்று தானாகப் பிரியும். அந்தத் தாளில் தேதி போட்டு வாங்கி வையுங்கள், ஒலிப்பதிவுக்குச் சமமான ஆவணம் அது.

தட்டச்சுக்கு வந்தால் மறுபடி மொழிதான். பேச்சு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "பின்னேரம் பின்னேரம் வாறவர். ஒருநாள் வரேல்ல. அடுத்த நாள் வேற ஆள் நிண்டவர்." இதில் ‘வாறவர்’ என்றால் வழக்கமாக வருவார். ‘வந்தவர்’ என்றால் வந்தார், நடந்து முடிந்தது. ஓரிரு எழுத்து மாறினால் தினமும் வந்த சிநேகிதர் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தவராகிவிடுவார். ‘தாறவர்’, ‘தந்தவர்’ இரண்டுக்கும் இதே வித்தியாசம். ‘வெருட்டினவர்’ மிரட்டினார், ‘பகிடி விட்டவர்’ கேலி பேசினார், ‘வடிவாப் பாத்தனான்’ நன்றாகக் கவனித்துப் பார்த்தேன், அதில் அழகு ஒன்றும் இல்லை. ‘அவரோட நான் கோவம்’ என்றால் பிள்ளைகள் பாஷையில் டூ விட்டாயிற்று என்று அர்த்தம். பனங்கட்டியைக் கருப்பட்டி என்று திருத்தாதீர்கள். முதல் வரியில் கேட்டதைக் கேட்டபடியும், அடியில் நம் தமிழில் பொருளும் எழுதுங்கள். மன்னார், திருகோணமலை, வவுனியாக்காரர்களின் பேச்சு யாழ்ப்பாணத்திலிருந்து வேறுபடும், சந்தேகம் வந்தால் அவரிடமே கேளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர உழைப்பு. தானாக எழுதித் தரும் மென்பொருளை நம்பினால் ‘கதைச்சவர்’ என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வேண்டுகோள், நீங்கள் இலங்கைத் தமிழ் பேசிக் காட்டாதீர்கள். சினிமாவில் கேட்ட இழுவை அது, கேட்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

பெண் பிள்ளையாக இருந்தவரிடம் பெண்தான் போக வேண்டும். சிப்பாய்களின் கையால் பெண்கள் பட்ட கொடுமைகளும் அந்த வருஷங்களின் பகுதிதான். ‘சிநேகிதம்’ என்று தொடங்கிய பேச்சு ஓரிடத்தில் சட்டென்று நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று அங்கே கேட்கக் கூடாது. கருவியை அவர் கண்முன்னே அணைத்து, தண்ணீர் கொடுத்து, வேறு பேச்சுக்குப் போங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

வேலியின் மறுபக்கத்து ஆளும் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் நிறைய, அமைதிப்படையில் இருந்து திரும்பியவர்களும் ஊர்களில் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களிடம் நடவடிக்கை பற்றியோ யார் யாரைச் சுட்டது என்றோ ஆரம்பித்தால் "அதெல்லாம் சொல்லக் கூடாது தம்பி" என்று கதவு மூடும். "அப்போ உங்க பிள்ளைக்கு என்ன வயசு?" என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையும் வந்துவிடும். பழைய கடிதம் இருந்தால் முகவரியில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று இருக்கும், அது ராணுவத் தபால். முத்திரையின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சிப்பாயையும் அந்தப் பக்கத்துப் பிள்ளையையும் நேரில் கொண்டுவந்து நிறுத்திப் படமெடுக்கும் ஆசை வேண்டாம். இருவரும் கேட்டால் ஒழிய அது உங்கள் வேலை இல்லை.

ஒப்புதல் தாளைத் தமிழில் அச்சிட்டு, வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பெயர் போடலாமா, குரல் வெளியிடலாமா, எத்தனை வருஷம் மூடி வைக்க வேண்டும் என்று மூன்றும் தனித்தனிக் கட்டமாக இருக்கட்டும். பெயரை மாற்றிவிட்டுச் சின்ன ஊரின் பெயரை அப்படியே விட்டால் பெயரை மாற்றியதில் பயனில்லை. அடையாள அட்டையைப் படமெடுக்காதீர்கள். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு முனைகளைச் சீக்கிரம் அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மெமரி கார்டில் அவர் பேச்சை அவருக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய கைபேசியில் அது ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிலர் கேட்டுவிட்டு அடுத்த வாரமே கூப்பிட்டு, "தம்பி, அந்த ஆமிக்காரரைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்பார்கள். எடுத்துவிடுங்கள். மூன்று பிரதியிலும் எடுத்துவிட்டு, பதிவேட்டில் தேதியை மட்டும் எழுதுங்கள். காரணம் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.